கறை போகவில்லையா? கையைக் குறை சொல்லாதீர்கள்

குளியலறைச் சுவரிலும் குழாயின் கழுத்திலும் ஷவரின் துளைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நிற்கிறதே, அதை அழுக்கு என்று நினைத்துத்தான் பெரும்பாலான வீடுகளில் தேய்க்கிறார்கள். அது கல். போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், தண்ணீர் காயக் காயக் கரியமில வாயுவை வெளியே விட்டுவிட்டு, கால்சியம் கார்பனேட்டாக இறுகிவிடுகிறது. சுண்ணாம்புக் கல், பளிங்கு, கடற்கரைச் சிப்பி எல்லாம் இதே பொருள்தான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த 600-ஐயே எடுத்துக்கொள்வோம். குளித்து முடித்த பிறகு சுவரிலும் குழாயிலும் தரையிலும் தங்கிக் காய்வது நாளொன்றுக்கு அரை லிட்டர் என்று வைத்தால், மாதம் 9 கிராம் கல் அங்கே குடியேறுகிறது. வருடத்துக்கு நூறு கிராமைத் தாண்டிவிடும். இதை சோப்புத்தூளும் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்தால் தேய்வது பிரஷ்தான்.

சோப்பு அங்கே சும்மாவும் இருப்பதில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் குளியல் சோப்போடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத ஒரு சாம்பல்நிறப் படலத்தை உண்டாக்குகிறது. பக்கெட்டின் உட்புறத்தில் விரல் வைத்தால் வழுவழுவென்று வருகிறதே, அதுதான். ஆக, சுத்தம் செய்யப் போட்ட பொருளே கறையின் இன்னொரு அடுக்காகிவிடுகிறது. வீட்டில் பிடிவாதமாக நிற்கும் கறைகளில் பெரும்பாலானவற்றின் கதை இப்படித்தான். தேய்ப்பவரின் கையில் வலு இல்லாததால் அவை நிற்கவில்லை. எதைப் போட்டுத் தேய்க்கலாம் என்று கேட்கிறோமே தவிர, இது எதனால் ஆனது என்று யாரும் கேட்பதில்லை. முதல் கேள்வியைக் கேட்டால் கடைக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பார். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் பாதி நேரம் பாட்டிலே தேவைப்படாது.

சுத்தம் செய்வதற்கு உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனியில் ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த வேதிப் பொறியாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் அதை ஒரு வட்டமாக வரைந்து காட்டினார். வட்டத்தில் நான்கு பங்குகள்: போடும் பொருள், சூடு, நேரம், தேய்ப்பு. ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றில் ஏதாவது ஒன்றைக் கூட்டியாக வேண்டும். இன்றைக்கும் சலவை இயந்திரங்களைப் பற்றியும் துப்புரவுப் பயிற்சியிலும் பேசுகிறவர்கள் இந்த வட்டத்தைத்தான் காட்டுகிறார்கள். ஆனால் சின்னர் படம் போடுவதற்கு வெகுகாலம் முன்பே நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்களின் கைக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. உவர்மண்ணைக் கரைத்த நீரில் துணியை நனைத்து, வெள்ளாவிப் பானையின் மேல் அடுக்கி, இரவு முழுக்க ஆவியில் வேகவிட்டார்கள். உவர்மண்ணில் இருந்த காரம், அடுப்பின் சூடு, ஒரு ராத்திரி நேரம் என்று மூன்று பங்கும் அதில் அடங்கிவிட்டன. மறுநாள் துறையில் கல்லில் அடித்தது மிச்சமிருந்த நான்காவது பங்குக்கு மட்டும். இன்றைய வீடு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறது. நேரத்துக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. பொருளைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லாச் சுமையையும் தோள்பட்டையின் மேல் ஏற்றுகிறது. தோள்பட்டை தோற்றதும் ஆசிட் பாட்டிலைத் தேடுகிறது.

உப்புக்கறையையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 9 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கக் கணக்குப்படி சுமார் 12 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். மளிகைக்கடையிலும் நாட்டு மருந்துக்கடையிலும் லெமன் சால்ட் என்று கேட்டால் கிடைக்கும் அந்த வெள்ளைத் தூள்தான். நடைமுறையில் கொஞ்சம் தாராளமாக 20 கிராம் எடுத்து, கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக்கொள்ளலாம். இதைச் சுவரில் ஊற்றினால் நொடியில் வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். பலரும் "எலுமிச்சையெல்லாம் வேலை செய்யாது" என்று சொல்வது இந்த இடத்தில்தான். பழைய பனியன் துணியைக் கரைசலில் முக்கி டைல்ஸின் மேல் ஒட்டி, அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, அரை மணி நேரம் விட வேண்டும். குழாயென்றால் துணியைக் கழுத்தில் சுற்றிவிடலாம். ஷவருக்கு ஒரு பாலித்தீன் பையில் கரைசலை ஊற்றி, ஷவரின் தலை முழுகும்படி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்ட வேண்டும். காதை அருகில் வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கும். கல் வாயுவாகப் பிரியும் சத்தம் அது. இரைச்சல் அடங்கியதும் துணியை எடுத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் லேசாக ஒரு முறை தேய்த்துக் கழுவினால் போதும். பல வருடக் கறையென்றால் இரண்டாவது முறையும் கட்ட வேண்டியிருக்கும். முதல் முறை போகாதது கரைசலின் குற்றமல்ல, அடுக்கின் தடிமன்.

குளியலறையை விட்டுச் சமையலறைக்குள் வந்தால் கதை முழுக்க மாறுகிறது. அடுப்புக்கு மேலிருக்கும் சுவரிலும் எக்ஸாஸ்ட் ஃபேனிலும் அலமாரிக் கதவின் விளிம்பிலும் பழுப்பு நிறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பிசுக்கு, முதலில் தாளிப்பின்போது ஆவியோடு பறந்த எண்ணெய்த் துளி. புதிதாக இருக்கும்போது பாத்திரம் துலக்கும் திரவத்திலேயே போய்விடும். நாள்பட நாள்பட அந்த எண்ணெய் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வார்னிஷாக மாறிவிடுகிறது. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் வண்ணம் குழைத்துப் பூசி, காய்ந்து இறுகவிடுவதும் இதே வேதிவினையை நம்பித்தான். ஆகவே பழைய பிசுக்கை எண்ணெய் என்று நினைத்துத் துடைப்பது வீண். அதைப் பெயின்ட் என்று நினைத்துக்கொண்டால் சரியான வழி கிடைக்கும். அமிலம் இங்கே செல்லாது. காரம் வேண்டும், சூடு வேண்டும், நேரம் வேண்டும். ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வாஷிங் சோடா, பாத்திரத் திரவம் நாலைந்து சொட்டு. கழற்றக்கூடிய பாகமென்றால் அதில் முக்கி முக்கால் மணி நேரம் வைக்கலாம். கழற்ற முடியாததன் மேல் நனைத்த துணியை ஒட்டலாம். கையுறை அவசியம், ஏனென்றால் கையிலிருக்கும் எண்ணெய்ப் பசையையும் சோடா விட்டுவைக்காது. ஒரு எச்சரிக்கை: அலுமினியத்தை இந்தக் கரைசலில் முக்கக் கூடாது. அலுமினியம் காரத்தில் அரிக்கும், கறுக்கும். சிம்னியின் வலை வடிகட்டி பல வீடுகளில் அலுமினியம்தான். எவர்சில்வர் என்று நம்பி ராத்திரி முழுக்க ஊறவைத்தால் காலையில் எடுக்கும்போது தெரியும். அதற்குச் சுடுதண்ணீரும் பாத்திரத் திரவமும் போதும், நேரத்தைத்தான் கூட்ட வேண்டும்.

வாஷிங் சோடா வேறு, ஆப்பசோடா வேறு. இரண்டும் வெள்ளைத் தூள்தான், ஆனால் ஆப்பசோடா மிக மென்மையான காரம். பழைய பிசுக்கை அசைக்கும் பலம் அதற்கு இல்லை. இதைச் சொல்லக் காரணம், இன்றைக்கு ஒவ்வொரு கைபேசியிலும் ஓடும் அந்த வீடியோதான். ஆப்பசோடாவைத் தூவி, மேலே வினிகரை ஊற்றியதும் நுரை பொங்குகிறது, பார்ப்பவர் மெய்சிலிர்க்கிறார். நுரை என்பது கரியமில வாயு. அது பறந்துபோன பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்புக் கலந்த தண்ணீர். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. கறைக்கு யாரும் மிச்சமில்லை. வினிகரைத் தனியாகப் போட்டிருந்தால் உப்புக்கறையிலாவது கொஞ்சம் கரைந்திருக்கும். சோடாவைத் தனியாகக் குழைத்துத் தேய்த்திருந்தால் மெல்லிய பொடியாகவாவது உதவியிருக்கும். இரண்டையும் சேர்த்ததில் இரண்டும் போயின. அடைத்த சிங்க் குழாயில் அந்த நுரை சில சமயம் அசைவு கொடுத்து உதவலாம், அதோடு சரி.

இனி ஆசிட். இதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் வலுவானது: வேலை செய்கிறது. ஊற்றியதும் புகைகிறது, பொங்குகிறது, ஐந்து நிமிடத்தில் தரை வெளுக்கிறது. விலையும் குறைவு, ஏனென்றால் அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் பல ரசாயன ஆலைகளில் வேறு பொருள் செய்யும்போது உடன்விளைவாகவே வந்துவிடுகிறது. மறுக்க முடியாது, உப்புக்கறையை அது கரைக்கிறது. ஆனால் அது கறையில் வந்து நின்றுவிடுவதில்லை. டைல்ஸுக்கு நடுவில் பூசிய சிமென்ட் பூச்சிலும் கால்சியம் இருக்கிறது. ஆசிட் அதையும் கரைக்கிறது. ஒவ்வொரு கழுவலுக்கும் அந்தக் கோடு கொஞ்சம் பள்ளமாகி, அடுத்த அழுக்கு தங்க இடம் கொடுத்து, கசிவு கீழ்வீட்டுக் கூரைவரை போகிறது. குழாயின் குரோம் பூச்சு அதன் புகையிலேயே மங்கும். எவர்சில்வர் சிங்க்கில் ஊசிமுனைத் துளைகள் விழும், ஏனென்றால் குளோரைடுக்கு முன்னால் எவர்சில்வரும் தாங்காது. கழிப்பறைக் கோப்பையின் பீங்கான் பளபளப்பு மட்டும் தாங்கும். அதற்கென்றே கடையில் விற்கும் திரவங்களில் பத்து சதவீதத்தை ஒட்டி இதே அமிலத்தைக் கெட்டிக் குழம்பாக்கி, வழியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும்படி செய்திருக்கிறார்கள். அதாவது அவர்களும் வலுவைக் குறைத்து நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள்.

தரையென்றால் நிலைமை இன்னும் மோசம். மொசைக் என்பது பளிங்குச் சில்லுகளைச் சிமென்ட்டில் பதித்துத் தேய்த்தது. முன்னரே சொன்ன உப்புக்கறையும் பளிங்கும் ஒரே பொருள் என்பதால், ஆசிட்டுக்குக் கறை எது, தரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. எண்பதுகளில் கட்டிய எத்தனையோ வீடுகளில் மொசைக் பளபளப்பு போய்ச் சொரசொரவென்று ஆனதற்கு வயதின் மேல் பழி போடுகிறார்கள். பெரும்பங்கு ஆசிட்டுக்குச் சேர வேண்டியது. ஆத்தங்குடித் தரையும் சிமென்ட்டில் வார்த்ததுதான், அதற்கும் அமிலம் ஆகாது. சமையல் மேடையில் போட்டிருக்கும் கறுப்புக் கடப்பைக்கல் ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் என்பது பலருக்கும் தெரியாது. எலுமிச்சையை அறுத்து அதன் மேல் கவிழ்த்து வைத்தாலே மறுநாள் வெள்ளை வட்டம் தெரியும். அதன் பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஏனென்றால் அங்கே படிந்தது எதுவும் இல்லை, கல்லின் மேல்தோல் போயிருக்கிறது. சந்தேகம் இருந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தாலோ, துடைத்தபின் மங்கினாலோ அந்தத் தரைக்கும் அமிலத்துக்கும் ஒத்துவராது. கிரானைட் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

தரை போனால் மாற்றிக்கொள்ளலாம். நுரையீரலுக்கு அந்த வசதி இல்லை. நம் தெருக்களில் பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர் என்று ஒரே மூச்சில் கூவிக்கொண்டு வரும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். மூன்றையும் ஒரே வண்டியில் வைத்திருப்பதால் மூன்றையும் ஒரே பக்கெட்டில் போடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. (பினாயில் எந்தக் கறையையும் எடுப்பதில்லை; கிருமிநாசினியும் வாசனையும்தான் அது. நாம் வாசனையைச் சுத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம்.) ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சந்தித்தால் வெளிவருவது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் ஜெர்மன் படை எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டதும் இதே வாயுவைத்தான். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது என்பதால் அது மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் இறங்கும். குளியலறையில் அந்தப் பள்ளத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தேய்ப்பவரின் முகம் இருக்கிறது. கழிப்பறைக்கு ஊற்றும் நீலத் திரவம் அமிலம். வெளுப்பதற்கு விற்கும் திரவமும் பிளீச்சிங் பவுடரும் அதன் எதிரிகள். இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் எடுக்கக் கூடாது. கண் எரிந்து இருமல் வந்தால் கழுவி முடித்துவிடலாம் என்று நினைக்காமல் உடனே வெளியே வந்துவிட வேண்டும். மீதி ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தாகத்தோடு வரும் குழந்தை லேபிளைப் படிக்காது.

2013 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம், ஆசிட் வீச்சுக்கு எதிராக, அதில் பாதிக்கப்பட்ட லக்ஷ்மி தொடுத்த வழக்கில், வாங்குபவரின் விவரத்தைப் பதிவேட்டில் குறிக்காமலும் புகைப்பட அடையாள அட்டையைப் பார்க்காமலும் ஆசிட் விற்கக் கூடாது, 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவே கூடாது என்று உத்தரவிட்டது. அந்த உத்தரவு முகத்தில் வீசப்படும் ஆசிட்டைப் பற்றியது. ஆனால் எந்தக் கேள்வியும் கேட்காமல் வீட்டுக்கு வீடு பாட்டில் வாங்கி வைக்கும் பழக்கம் இருக்கும்வரை, பதிவேடு வைக்கச் சொல்வது கடைக்காரருக்கு வெறும் தொந்தரவாகத்தான் தெரியும். கழிப்பறைக்காகத்தானே என்ற சமாதானம்தான் அந்தப் பாட்டிலுக்கு வீட்டுக்குள் இடம் வாங்கிக் கொடுக்கிறது.

"அரை மணி நேரம் துணி ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கு தப்பு. ஊறும் அரை மணி நேரத்தில் மனிதர் அங்கே நிற்க வேண்டியதில்லை. குக்கர் வைக்கலாம், துணி மடிக்கலாம். மனிதர் செலவழிக்கும் நேரம் துணி ஒட்டும் மூன்று நிமிடமும் கழுவும் ஐந்து நிமிடமும்தான். இருபது நிமிடம் மூச்சுவாங்கத் தேய்ப்பதுதான் உண்மையில் நேரச் செலவு. இதில் நாம் பேசத் தயங்கும் ஒரு விஷயமும் இருக்கிறது. பல வீடுகளில் தேய்ப்பது நேரமில்லை என்று சொல்பவர் இல்லை. வீட்டு வேலைக்கு வரும் அம்மாதான் கையுறை இல்லாமல், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, நான்கு வீட்டில் நான்கு விதமான ஆசிட்டைச் சுவாசிக்கிறார். "கறை போகவே இல்லையே" என்ற குறையையும் அவர்தான் கேட்டுக்கொள்கிறார். அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் கரைசலைத் தெளித்துத் துணி ஒட்டி வைப்பது வீட்டுக்காரர் செய்யக்கூடிய காரியம். ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் ஒரு ஆசிட் பாட்டிலும் விலையில் பெரிதாக வித்தியாசப்படுவதில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ரசாயனமே வேண்டாம், இயற்கையாகக் கழுவுவோம் என்கிறார்கள். இவர்களிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: கறை எதனால் ஆனது? பூந்திக்கொட்டை நல்ல நுரை தரும், எண்ணெயை எடுக்கும். உப்புக்கறையை அது தொடவே தொடாது. புளி இயற்கைதான், ஆனால் அதில் இருக்கும் டார்டாரிக் அமிலத்துக்குக் கடப்பைக்கல்லைக் கண்டால் இரக்கம் வராது. பாட்டிமார்களின் வழிகள் வென்றதற்குக் காரணம் அவை இயற்கையானவை என்பதல்ல. ஒவ்வொரு கறைக்கும் ஒவ்வொன்றை வைத்திருந்தார்கள் என்பதுதான். அலுமினிய இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றும்போதே ஒரு புளித்துண்டையோ பிழிந்த எலுமிச்சை மூடியையோ போட்டுவிடுவார்கள். கொதிக்கும்போது காரத்தன்மை ஏறும் உப்புத் தண்ணீர் அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். புளி அந்தக் காரத்தை அங்கேயே அடக்கிவிடும். பித்தளைக் குத்துவிளக்கின் களிம்பு செம்பின் ஆக்சைடும் கார்பனேட்டும் என்பதால் புளி அதைக் கரைக்கும். வெள்ளி விளக்கில் கறுப்பாகப் படிவது சல்பைடு. புளி போட்டால் அசையாது. அதனால்தான் வெள்ளிக்கு விபூதியை எடுத்தார்கள், மெல்லிய பொடியாகத் தேய்த்தெடுக்க. இன்றைக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது: பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, மேலே வெள்ளியை வைத்து, ஆப்பசோடா கரைத்த கொதிநீரை ஊற்றினால் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். தேய்த்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வெள்ளி போகும்; இதில் போவதில்லை. கல் பதித்த நகையையும் முத்தையும் மட்டும் இதில் போடாதீர்கள்.

துணியில் இந்தக் கேள்வியைக் கேட்காததன் விளைவு உடனே கண்ணில் தெரியும். வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்தி, சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ரத்தச் சிவப்பாக மாறுகிறது. பதறிப்போய் இன்னும் சோப்பு போடுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான்; நன்றாக அலசினால் பழையபடி மஞ்சளாகிவிடும். அது எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது, வெயிலில் சிதையும். ஆகவே எண்ணெய்ப் பசையை எடுத்துவிட்டு, ஈரத்தோடு உச்சி வெயிலில் இரண்டு நாள் காயப்போடுவதுதான் மருந்து. ரத்தக்கறைக்குக் குளிர்ந்த தண்ணீர். சுடுதண்ணீர் ஊற்றினால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிவிடும். போர் தண்ணீரில் வெள்ளைச் சட்டை பழுப்பேறினால் பிளீச்சிங் பவுடரைத் தொடாதீர்கள்: தண்ணீரில் கரைந்திருக்கும் இரும்பை அது துருவாக்கித் துணியிலேயே படியவைக்கும். அங்கே மறுபடியும் லெமன் சால்ட்தான். வாழைக்கறை பழசாகிவிட்டால் வீட்டில் இருக்கும் எதற்கும் முழுதாக வசப்படாது. வாழைப்பூ ஆய்வதற்கு முன் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழைய புடவையைக் கட்டிக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் என்று விளம்பரம் சொல்வது, காய்ச்சலுக்கும் கால்முறிவுக்கும் ஒரே மாத்திரை தருவதைப் போன்றது.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. உப்புத் தண்ணீரில் எல்லாமே கார்பனேட் இல்லை. கால்சியம் சல்ஃபேட்டும் சிலிக்காவும் சேர்ந்து படிந்த இடத்தில் சிட்ரிக் அமிலமும் அசைக்காது, ஆசிட்டும் பெரிதாக அசைக்காது. குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் வருடக்கணக்காகப் படிந்த வெண்புள்ளிகள் சில சமயம் கண்ணாடியையே அரித்திருக்கும். சுவர் மூலையில் வரும் கறுப்புப் பூஞ்சையை நீர்த்த பிளீச்சிங் கரைசல் வெளுக்கவைக்கும். ஆனால் ஜன்னலைத் திறக்காமல் ஈரத்தை அப்படியே வைத்திருந்தால் மூன்று வாரத்தில் அது திரும்ப வரும். கருகிய அடிப்பாத்திரத்தின் கரியை எந்தக் கரைசலும் கரைப்பதில்லை. வாஷிங் சோடாவில் கொதிக்கவைத்தால் கரியைப் பிடித்துவைத்திருக்கும் கொழுப்பு இளகும். மீதிக்குக் கம்பி நார்தான். அங்கே மட்டும் தோள்பட்டைக்கு வேலை இருக்கிறது, மறுக்கவில்லை.

தண்ணீரையே மாற்றினால் என்ன என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வீடு முழுமைக்கும் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி உப்புக்கறையை உண்மையிலேயே குறைக்கும். ஆனால் கால்சியத்துக்குப் பதிலாக சோடியத்தைத் தண்ணீரில் விடும், அவ்வப்போது கல்லுப்பு கேட்கும், ஒவ்வொரு முறையும் உவர்நீரைச் சாக்கடைக்குத் தள்ளும். வசதியும் இடமும் இருப்பவர்கள் யோசிக்கலாம். மற்ற எல்லோராலும் முடிவது ஒன்று இருக்கிறது. மாதம் 9 கிராம் கல் என்று சொன்னது, தண்ணீர் அங்கேயே தங்கிக் காய்ந்தால்தான். காய விடாவிட்டால் கல் இல்லை. குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, தரையில் ஒரு இழுப்பு, குழாய்க்கு ஒரு துடைப்பு. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் எத்தனை பேர் குளித்தாலும் கடைசியாகக் குளிப்பவர் செய்தால் போதும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.